குடியாத்தம் தொகுதியின் தேர்தல் வரலாறு: புதிதாகத் தேடுகிறவருக்கு

வேலூர்ப் பக்கத்தில் குடியாத்தம் தொகுதி என்று பேச்செடுத்தால் முதலில் வருவது "காமராஜர் நின்ன ஊராச்சே" என்பதுதான். அடுத்த வாக்கியத்திலேயே தகராறு தொடங்கிவிடும். அவரை முதலமைச்சர் ஆக்கியதே குடியாத்தம்தான் என்பார் ஒருவர். கடைசி வரை இங்கேதான் நின்றார் என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு. ஆனால் டீ ஆறுவதற்குள் அதை விளக்கி முடிக்க முடியாது.

கல்லூரிக் கட்டுரைக்காகவோ, ஊர் மலருக்காகவோ, சும்மா ஆர்வத்திலோ இந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தொகுக்க நினைக்கிறவர்கள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். கையில் ஒரு பட்டியல் இருக்கும்: ஆண்டு, வென்றவர், கட்சி. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட பட்டியலை நம்பி நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். அதனால் எந்த வரிசையில் தேடினால் அடிபடாமல் தப்பலாம் என்று எழுதிவைக்கிறேன். குடியாத்தத்தை வைத்துச் சொன்னாலும் காட்பாடிக்கும் ஆற்காட்டுக்கும் இதே வழிதான்.

முதலில் நோட்டு

அகலமான நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் போட்டாலும் சரி. மூன்று பத்தி போதாது. ஆண்டு, பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, வென்றவர், அவர் நின்ற சின்னம், அவருடைய சொந்தக் கட்சி, எந்தக் கூட்டணி, இரண்டாம் இடம் யார், வாக்கு வித்தியாசம், அப்போதைய எல்லை, பொதுத் தொகுதியா தனித் தொகுதியா (தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது). கடைசியாக ஒரு பத்தி: இந்த விவரத்தை எங்கே பார்த்தேன். பாதிப் பேர் விடுவது இந்தக் கடைசிப் பத்தியைத்தான். ஆறு மாதம் கழித்து இரண்டு இடத்தில் இரண்டு எண் இருக்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

எண்களுக்கு அடிப்படை, ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பிறகும் தேர்தல் ஆணையம் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கை. 1952 தேர்தலிலிருந்து எல்லாமே ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுதான் மற்ற எதையும் பார்க்க வேண்டும். இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் அதிலிருந்து கை மாறிக் கை மாறி வந்தவை. வழியில் உதிர்ந்தவை நிறைய.

எழுத்தில் ஏமாறாதீர்கள்

பழைய ஆவணங்களில் குடியேற்றம் என்றும் இருக்கும், குடியாத்தம் என்றும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு எழுத்துக்கூட்டல். பேரணாம்பட்டு, பேர்ணாம்பட்டு கதையும் அதேதான். தேடுபெட்டியில் ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு தொகுதியே இல்லை என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாவட்டப் பெயரும் மாறிக்கொண்டே வரும். 1989 வரை வட ஆற்காடு. திருவண்ணாமலை, போளூர், ஆரணி, செய்யாறு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. 1989இல் திருவண்ணாமலை பிரிந்ததும் இந்தப் பாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரோடு நின்றுவிட்டன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. தொகுதியைத் தேடும்போது மாவட்டத்தை வைத்துத் தேடாமல் பெயரை வைத்துத் தேடுங்கள்.

இரண்டு பேர் ஜெயித்த காலம்

நான் மாட்டியது இங்கேதான். பல வருடங்களுக்கு முன் ஒரு மலருக்காகப் பட்டியல் போட்டுக்கொடுத்தேன். 1957க்கு நேராக இரண்டு பெயர் இருந்தது. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ. எப்படி, அச்சுப் பிழை போல என்று ஒருவரை அடித்துவிட்டேன். மலர் அச்சாகி விழா மேடையில் கொடுத்த அன்றைக்கே ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "இன்னொருத்தர எங்க தம்பி விட்டுட்ட?" என்றார்.

சங்கதி இதுதான். 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். பெரிய பரப்பு, இரண்டு இடம். அதில் ஒன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. குடியாத்தம் அப்படிப்பட்ட தொகுதி. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. 1961இல் சட்டம் போட்டு இந்த முறையை எடுத்துவிட்டார்கள். 1962 முதல் ஒரு தொகுதி, ஒரு உறுப்பினர்.

அந்தப் பெரியவரைப் பிறகு பிச்சனூர்ப் பக்கம் அவர் வீட்டுத் திண்ணையில் போய்ப் பார்த்தேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. 1957இல்தான் முதல் ஓட்டுப் போட்டாராம். அப்போது சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும், மறைவுக்குள் போய் எந்தப் பெட்டி வேண்டுமோ அதில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "ரெண்டு சீட்டு குடுத்தாங்க. ஒண்ண கதிர் அருவா பொட்டில போட்டேன். இன்னொண்ண காளமாட்டுப் பொட்டில போட்டேன்."

அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கதிர் அரிவாள் கம்யூனிஸ்ட் சின்னம், காளைமாடு அன்றைய காங்கிரஸ் சின்னம். முடிவும் அப்படியே வந்திருக்கிறது: ஓரிடம் கம்யூனிஸ்ட் வி.கே. கோதண்டராமனுக்கு, ஓரிடம் காங்கிரசுக்கு. ஒரே தொகுதி, ஒரே நாள், இரண்டு கட்சி. இதைக் கணக்கில் கொள்ளாமல் 1957இல் குடியாத்தம் கம்யூனிஸ்ட் பக்கம் போனது என்று எழுதினாலும் பிழை, காங்கிரஸ் பக்கம் நின்றது என்று எழுதினாலும் பிழை.

இன்னொன்று. இந்த இரண்டு தேர்தல்களின் வாக்குச் சதவீதத்தை 1962க்குப் பிந்தையதோடு ஒப்பிடாதீர்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டு இருந்த கணக்கு அது.

1957 பற்றி இன்னும் ஒரு எச்சரிக்கை உண்டு. தி.மு.க. முதன்முதலில் போட்டியிட்ட தேர்தல் அதுதான், ஆனால் அப்போது அதற்குக் கட்சி அங்கீகாரம் கிடையாது. காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாவே பழைய அறிக்கையில் சுயேச்சைக் கணக்கில்தான் வருவார். அந்த ஆண்டில் சுயேச்சை என்று பார்த்தால் அப்படியே எழுதிவிடாதீர்கள், யார் என்று விசாரியுங்கள்.

இடைத்தேர்தலை எங்கே தேடுவது

பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது. குடியாத்தத்தின் மிகப் பிரபலமான தேர்தல் ஓர் இடைத்தேர்தல் என்பதால், இதை விட்டால் கதையின் தலையே போய்விடும்.

1954இல் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்பு முற்றி ராஜாஜி விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை வென்று, ஏப்ரல் 13ஆம் தேதி காமராஜர் முதலமைச்சராகப் பதவியேற்றார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினரே அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. பதவியில் நீடிக்க ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும். ராஜாஜி 1952இல் செய்ததுபோல் மேலவை நியமனம் என்ற வழி இருந்தது. காமராஜர் அதை எடுக்கவில்லை, குடியாத்தத்தில் வந்து நின்றார். பெரியார் ஆதரித்தார். தி.மு.க. ஆள் நிறுத்தாமல் ஆதரவு கொடுத்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கோதண்டராமன். காமராஜர் வென்றார்.

ஆக, குடியாத்தம் அவரை முதலமைச்சர் ஆக்கவில்லை. முதலமைச்சராக இருந்தவரை இருக்கவிட்டது. அடுத்த பொதுத்தேர்தலில் அவர் சாத்தூருக்குப் போய்விட்டார். இங்கே தோற்ற கோதண்டராமன் மூன்றே வருடத்தில், அந்த 1957 தேர்தலில், இதே தொகுதியில் வென்று சபைக்குப் போனார். எனக்கு இந்தத் தொகுதிக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். காமராஜரைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது இடைத்தேர்தல் நேற்று நடந்தது போலத்தான், ஆனாலும் அதற்குள் குழப்பிக்கொள்கிறார்கள். 2016இல் அ.தி.மு.க. சார்பில் வென்ற ஜெயந்தி பத்மநாபன், 2017 செப்டம்பரில் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் ஒருவர். பழைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் என்று மூன்று இடம் காலியானது. 2019 ஏப்ரல் 18 அன்று நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால், 16ஆம் தேதி, பணப் பட்டுவாடாப் புகாரில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தானது. அதே தொகுதிக்குள் இருக்கும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் திட்டமிட்டபடி நடந்தது. பூத்துக்குப் போனவர்கள் "எம்.பி. ஓட்டு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அந்த ஓட்டு ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் வந்தது.

குடியாத்தம் இடைத்தேர்தலில் தி.மு.க.வின் காத்தவராயன் வென்றார். 2020 பிப்ரவரியில் அவர் காலமானார். கொரோனா வந்து, அந்த இடம் இடைத்தேர்தல் இல்லாமலே 2021 வரை காலியாகக் கிடந்தது. அதனால் 2016க்கும் 2021க்கும் இடையில் உங்கள் நோட்டில் நான்கு வரி வர வேண்டும்: வெற்றி, தகுதிநீக்கம், இடைத்தேர்தல், மறைவு. இணையப் பட்டியலில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்.

எல்லை

குடியாத்தம் என்ற பெயர் 1952 முதல் இருக்கிறது என்பதற்காக அதே ஊர்களும் அதே மக்களும் அன்றிலிருந்து இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. இதற்குப் பார்க்க வேண்டியது தொகுதி மறுசீரமைப்பு ஆணைகள். 1976 ஆணையின்படி 1977 முதல் 2006 வரை தேர்தல் நடந்தது. 2008 ஆணை சட்டமன்றத் தேர்தலில் 2011 முதல் நடைமுறைக்கு வந்தது. 2008 ஆணையில் ஒவ்வொரு தொகுதிக்குக் கீழேயும் எந்தெந்தக் கிராமம், எந்த நகராட்சி என்று வரிசையாகப் போட்டிருக்கும். உட்கார்ந்து படிக்க அலுப்பாக இருக்கும். ஆனாலும் படியுங்கள்.

நம் பக்கத்தில் 2008இல் நடந்தது பெரிய கலைப்பு. பேரணாம்பட்டு, நாட்றம்பள்ளி இரண்டும் தொகுதி வரைபடத்திலிருந்தே போயின. ஜோலார்பேட்டையும் கீழ்வைத்தினான்குப்பமும் வந்தன. முன்பு ஒரு காலத்தில் இருந்து காணாமல் போன ஆம்பூரும் திரும்பி வந்தது. பேரணாம்பட்டு நகரம் குடியாத்தத்தோடு சேர்ந்தது. குடியாத்தத்தின் பக்கத்துக் கிராமங்கள் பல கீழ்வைத்தினான்குப்பத்துக்குப் போயின. அதோடு, அதுவரை பொதுத் தொகுதியாக இருந்த குடியாத்தம் தனித் தொகுதியானது. கலைந்துபோன பேரணாம்பட்டு தனித் தொகுதியாக இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதனால் நோட்டில் 2006க்கும் 2011க்கும் நடுவே தடிமனாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள வித்தியாசத்தை அந்தப் பக்கத்தோடு கழித்து, "இவ்வளவு ஓட்டு குறைந்தது" என்று எழுதுவது வெறும் கணக்கு விளையாட்டு.

கட்சி வேறு, சின்னம் வேறு, கூட்டணி வேறு

பக்கத்துக் கீழ்வைத்தினான்குப்பத்தைப் பாருங்கள். 2011இல் வென்ற செ.கு. தமிழரசன் இந்தியக் குடியரசுக் கட்சிக்காரர். 2021இல் வென்ற ஜெகன்மூர்த்தி புரட்சி பாரதம் கட்சித் தலைவர். இரண்டு பேரும் நின்றது இரட்டை இலையில். பட்டியலில் இரண்டு பேரும் அ.தி.மு.க. என்றே இருக்கும். சின்னத்துக்கும் கட்சிக்கும் தனித்தனிப் பத்தி போடச் சொன்னது இதற்காகத்தான்.

குடியாத்தத்தில் கூட்டணிப் பத்தியை நிரப்பும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கட்சிப் பத்தியை மட்டும் பார்த்தால் இந்தத் தொகுதி எதற்கும் கட்டுப்படாதது போலத் தெரியும். 1977 மார்க்சிஸ்ட், 1980 மார்க்சிஸ்ட், 1984 காங்கிரஸ், 1989 மறுபடி மார்க்சிஸ்ட், 1991 காங்கிரஸ், 1996 தி.மு.க., 2001 அ.தி.மு.க., 2006 மார்க்சிஸ்ட், 2011 இந்தியக் கம்யூனிஸ்ட், 2016 அ.தி.மு.க., 2021 தி.மு.க. தறி, பீடி, தீப்பெட்டி என்று உழைப்பாளிகள் நிறைந்த ஊர், அதனால் சிவப்புக் கோட்டை என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் பல காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது பக்கத்துப் பத்தியில் கூட்டணியைப் போடுங்கள். 1977இலும் 1980இலும் மார்க்சிஸ்ட் கட்சி எம்.ஜி.ஆர். பக்கம். 1984இலும் 1991இலும் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு. 1989இலும் 2006இலும் மார்க்சிஸ்ட் தி.மு.க. கூட்டணியில். 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட் ஜெயலலிதா கூட்டணியில். மீதி நான்கு முறையும் வென்றது ஆட்சியைப் பிடித்த கட்சியே. ஆக, 1977 முதல் 2021 வரை பதினோரு பொதுத்தேர்தல், பதினொன்றிலும் குடியாத்தத்தில் வென்றவர் ஆட்சியைப் பிடித்த அணியைச் சேர்ந்தவர். 2019 இடைத்தேர்தலில்தான் ஆளும் அ.தி.மு.க. இங்கே தோற்றது.

இதை வைத்து "குடியாத்தம் எந்தப் பக்கமோ ஆட்சி அந்தப் பக்கம்" என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அலை அடித்தால் பெரும்பாலான தொகுதிகள் ஒரே பக்கமாகச் சாயும். ஆனால் சிவப்புக் கோட்டை என்ற பேச்சு நிற்காது என்பது மட்டும் நிச்சயம். இடதுசாரிகளுக்கு இங்கே சங்க பலம் உண்டு, அதனால்தான் கூட்டணிப் பங்கீட்டில் இந்தத் தொகுதியைக் கேட்டு வாங்கினார்கள். வெற்றிக்கு அது மட்டும் போதவில்லை. 2016இல் மக்கள் நலக் கூட்டணியாகத் தனியே நின்றபோது மாநிலம் முழுவதும் அவர்களுக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

எண்களில் திடீர் ஏற்றம் இறக்கம்

1989க்கும் 1991க்கும் இடையில் வாக்காளர் எண்ணிக்கை ஏறினால், ஊருக்குள் ஜனம் வந்து குவிந்துவிட்டது என்று எழுதாதீர்கள். 1989 ஜனவரித் தேர்தல் 21 வயதுக் கணக்கில் நடந்தது. வாக்குரிமை வயது 18 ஆனது அந்த மார்ச்சில். 2001 முதல் மாநிலம் முழுவதும் மின்னணு இயந்திரம், அதனால் செல்லாத ஓட்டு சடசடவென்று குறையும். 2016 முதல் நோட்டா என்று ஒரு வரி கூடும். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

பூத் வரை இறங்க

தொகுதி அளவில் முடித்ததும், ஆர்வம் மிச்சமிருந்தால் படிவம் 20ஐத் தேடுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எவ்வளவு என்று போட்ட முடிவுத்தாள் அது. அண்மைத் தேர்தல்களுக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாக இருக்கும். கட்சிக்காரர்கள் தேர்தல் முடிந்த மறுநாளே தேடுவது இதைத்தான். 2021இல் காட்பாடியில் துரைமுருகன் ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினாரே, அந்த மாதிரி முடிவை எல்லாம் இந்தத் தாள் இல்லாமல் புரிந்துகொள்ளவே முடியாது.

ஒரு சிக்கல்: சாவடி எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். புதிதாகச் சாவடி பிரித்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். எண்ணை வைத்து ஒப்பிடாமல் பள்ளிக்கூடத்தை வைத்து ஒப்பிடுங்கள். நெல்லூர்ப்பேட்டையில் எந்தப் பள்ளி, சந்தப்பேட்டையில் எந்தப் பள்ளி, எந்தத் தெருக்காரர்கள் எந்த அறைக்குப் போவார்கள் என்று பழைய பூத் ஏஜென்ட் ஒருவரைக் கேட்டால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் பரவாயில்லை. தன் கட்சி தோற்ற பூத்தைப் பற்றிக் கேளுங்கள். ஜெயித்த பூத்தைவிட அதைத்தான் அவர் துல்லியமாக நினைவில் வைத்திருப்பார்.

குடியாத்தம் நோட்டு நிரம்பியதும் பேரணாம்பட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். 2006 வரை அந்த நகரத்து மக்கள் வேறொரு தொகுதியில், வேறு வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். கீழ்வைத்தினான்குப்பத்தில் இன்று இருக்கும் கிராமங்களில் எவை எவை முன்பு குடியாத்தத்தில் இருந்தவை என்பதை 2008 ஆணையைப் பழைய ஆணையோடு பக்கத்தில் வைத்து டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். எனக்கு அந்த வேலைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.